முப்பத்தொன்றாம் எண் வில்லை

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துப் பெண்களுக்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை என் தங்கை வாங்கிக் கொடுத்தது. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் அவள் வாங்கிக் கொடுத்தது. மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார முக்காலிகள், வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, பிள்ளை பெற்றவளுக்கு விடுப்பு, கான்ட்ராக்டரை நடுவிலிருந்து விலக்கிவிட்டு ஆஸ்பத்திரியே நேராக வேலைக்கு வைத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓய்வூதியம். இவற்றில் எதையும் யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை. முக்காலி கேட்டபோது, "உட்கார்ந்தா தூங்கிடுவீங்க" என்றார்கள். தாழ்ப்பாள் கேட்டபோது சிரித்தார்கள். என் தங்கைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பணம் கிடையாது, பின்னால் நிற்கப் பெரிய மனிதர் யாரும் கிடையாது. பாய்லர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஒரு குரல் மட்டும் உண்டு.

ஓய்வூதியம் நாற்பத்து மூன்று பேருக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சங்கத்து ஆட்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வயது தாண்டிவிட்டது என்கிறார் ஒருவர். மனு தாமதமாகப் போனது என்கிறார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. நான் அவளுடைய அக்கா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் கண்ணால் பார்த்தது எது, கேட்டது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சலவைக் கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. மேலே உள்ள வார்டுகளின் அழுக்குத் துணி எல்லாம் ஒரு சரிவுக் குழாய் வழியாகக் கீழே வந்து விழும். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், பாய்லர் ஒரு பக்கம், நடுவில் ரோலர். ரோலர் என்றால் படுக்கவைத்த பீப்பாய் மாதிரி ஒரு சூடான உருளை. முன்னால் நிற்பவள் ஈரத் துணியைச் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்பவள் காய்ந்து வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். கொடுப்பவள் கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். என் தங்கை முப்பத்து மூன்று வயதில் அங்கே போய் முன்னால் நின்றவள், இடையில் ஒரு நான்கு மாதம் தவிரக் கடைசி வரை முன்னால்தான் நின்றாள். எல்லோரும் அவளை ரோலரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். நஷ்ட ஈடு கேட்க நானும் அவளோடு போனேன். அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாரத்தில் அவன் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப அது யாரு துண்டு?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது அவள் அழவில்லை. "ஆளு போனான், சரி. பேரையும் எடுத்துட்டாங்களே அக்கா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் சலவைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை.

ரோலருக்குப் பின்னால் பல வருடம் நின்றவளை மடிப்புக்காரி என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். என் தங்கையைவிடப் பதினொரு வயது சின்னவள். குள்ளம். இடதுகைப் பழக்கம். வாய் ஓயாது. ஆனால் பாய்லர் ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் இரண்டு பேரும் துணியாலேயே பேசிக்கொண்டார்கள். விரிப்பின் ஒரு முனை முன்னால் இவள் கையில் இருக்கும்போதே மறுமுனை பின்னால் அவள் கைக்குப் போய்விடும். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார், வாயை மூடு என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் டீ வந்துவிட்டது. மூன்று இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் தங்கையிடம் கேட்டேன். "அது சூப்பர்வைசர் மூக்கைப் பத்தி, அக்கா. உனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூடத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது. எண் பொறித்த பித்தளை வில்லைதான். காலையில் பலகையிலிருந்து எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டால் வந்ததாகக் கணக்கு. என் தங்கைக்குப் பதினேழு. மடிப்புக்காரிக்கு முப்பத்தொன்று. ஒரு வில்லை தொடர்ந்து பத்து நாள் பலகையிலேயே தொங்கினால் கான்ட்ராக்டர் அதைக் கழற்றிவிடுவார். பிறகு வந்தால் புது ஆள், புது எண், அதுவரை செய்த வேலை எல்லாம் கணக்கில் இல்லை. ஜுரத்துக்கும் அதுதான் சட்டம், எலும்பு முறிவுக்கும் அதுதான். வயிறு தெரிய ஆரம்பித்தவளுக்குப் பத்து நாள் கூடக் கிடையாது. அன்றைக்கே வில்லை போய்விடும்.

இதற்கு அந்தப் பெண்கள் கண்டுபிடித்த வழிக்கு "நிழல் போறது" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தி வர முடியாவிட்டால் அவளுடைய அக்காவோ நாத்தனாரோ, இல்லை மாற்று ஷிப்டில் இருப்பவளோ, அவள் வில்லையைக் குத்திக்கொண்டு வந்து நின்றுவிடுவாள். நோயாளித் துணி என்பதால் எல்லோருக்கும் தலையில் தொப்பி, வாய்க்கு மூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். சூப்பர்வைசருக்கு விஷயம் தெரியும். துணி நேரத்துக்கு மேலே போனால் போதும் என்று இருந்துவிடுவார். இப்படி அந்தக் கூடத்தில் யாரும் யாருக்காவது நிழல் போகாமல் இருந்ததில்லை.

கையுறை விஷயம் வந்தபோது என் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு விரிப்புக்குள் ஊசி இருந்து ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை வீங்கிப்போய் அவள் அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் படுத்தாள். என் தங்கை ரோலரை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். சரிவுக் குழாய் வாய் வரை துணி நிரம்பி, மேல் மாடியில் விரிப்பில்லாத கட்டில்கள் ஆனபிறகு கையுறை வந்தது. வந்த மறுநாளே கான்ட்ராக்டர் அவள் நெஞ்சிலிருந்த வில்லையைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொன்னதுதான். காகிதத்தில் ஒன்றும் இல்லை.

அதே சமயம் மடிப்புக்காரிக்கு ஏழாம் மாதம். நாற்பதைத் தாண்டி வந்த முதல் பிள்ளை. மேலங்கியை ஒரு அளவு பெரியதாகப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள். என் தங்கையின் வில்லை போன அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். என் தங்கைக்கு அழுகை பிடிக்காது.

"நிறுத்துடி. என் வில்லை போனது போச்சு. உன் வில்லையாவது நிக்கட்டும். குடு இங்க."

"அக்கா, உன்னை வெளிய தள்ளினவன் கட்டடத்துக்கே திரும்பப் போவியா? மாட்டினா?"

"வாயை மூடிக்கிட்டுத்தானே நிக்கணும்? மூடி அவனே குடுத்திருக்கான்."

"வேற இடத்துல வேலை பார்த்துக்கோயேன்டி" என்றேன். "இதுவும் வேலைதானே அக்கா" என்றாள்.

அன்றிலிருந்து நான்கு மாதம், பதினேழாம் எண்ணை வேலையை விட்டுத் துரத்திய கூடத்தில், முப்பத்தொன்றாம் எண்ணாக என் தங்கை வேலை செய்தாள். சம்பளத்தை இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பகலில் உள்ளே துணி மடிப்பாள். மாலையில் சங்கச் செயலாளரோடு கான்ட்ராக்டரின் அலுவலகத்துக்குப் போய், தன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பேசுவாள். செயலாளர் எக்ஸ்ரே அறையில் உதவியாளர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் எல்லோரும் அவரை மைக் என்பார்கள். அவருக்கே அப்போது இந்த விஷயம் தெரியாது. கான்ட்ராக்டர் மேசையைத் தட்டி, "இந்தப் பொம்பளை கால் இனிமே என் கூடத்துல படாது" என்றாராம். இவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். பயந்துவிட்டாள் என்று மைக் நினைத்தார். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

உள்ளே அவள் பட்ட பாடு வேறு. இவள் உயரம், மடிப்புக்காரி குள்ளம். நான்கு மாதமும் முழங்காலை மடக்கியே நின்றாள். அவள் முழங்கால் கெட்டது அப்போதுதான் என்பது என் எண்ணம். டாக்டர் வேறு சொன்னார். மடிப்பது இன்னொரு கஷ்டம். மடிப்புக்காரி இடது கையால் மடிப்பாள். விரிப்பின் கரை மறுபக்கம் வரும். முதல் நாளே சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, வேறு எங்கோ பார்த்தபடி முணுமுணுத்தார்: "இடது கைம்மா, இடது கை. மேல நர்ஸ் அடுக்கும்போதே கண்டுபிடிச்சிடுவாங்க. என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்காதீங்க."

இதற்கிடையில் யாரோ கோள் சொல்லிவிட்டார்கள். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வயிற்றில் பிள்ளை என்று கான்ட்ராக்டர் காதுக்குப் போனது. ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கீழே இறங்கி வந்தார். ரோலருக்குப் பின்னால் நேராக வந்து நின்று, "முப்பத்தொண்ணு, இப்படித் திரும்பு. மேலங்கியை இழுத்துப் பிடி" என்றார். இவள் திரும்பினாள். இரண்டு கையாலும் மேலங்கியை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக் காட்டினாள். கான்ட்ராக்டர் பார்த்தார். "தட்டையா இருக்கு. இதுக்கா என்னைப் படியிறங்க வச்சீங்க?" என்று சூப்பர்வைசரைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை மடிப்புக்காரி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் தங்கையும் சிரித்தாள். "இத்தனை வருஷம் சொந்தக்காரங்க எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசின வயிறுடி இது. ஒரு நாளாவது ஒருத்திக்கு உதவுச்சே" என்றாள். மடிப்புக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் டீ போட எழுந்து போய்விட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து மடிப்புக்காரி தன் வில்லையைத் தானே குத்திக்கொண்டு வேலைக்கு வந்தாள். அதற்குச் சில நாள் கழித்து, தொல்லை தாங்காமல் கான்ட்ராக்டர் என் தங்கையையும் திரும்ப எடுத்துக்கொண்டார். புது ஆளாக, ஐம்பத்திரண்டாம் எண்ணாக. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை கிடைத்ததே என்று இருந்தோம்.

ஏழு வருடம் போனது. கான்ட்ராக்டர் போய், ஆஸ்பத்திரியே எல்லோரையும் நேராக எடுத்துக்கொண்டது. சங்கத்துக்கு என் தங்கைதான் தலைவி. அவளும் மைக்கும் ஓய்வூதியத்துக்காக அலையாத அலுவலகம் இல்லை. கடைசியில் நிர்வாகம் ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தது. அதை ஏற்பதா, மறுப்பதா என்று ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். இங்கே எழுதுவது என் காதால் கேட்டது.

மைக் எழுந்தார். "தோழர்களே, பத்து வருஷம் இடைவெளி இல்லாம வேலை பார்த்தவங்களுக்கு பென்ஷன். குறைவா இருக்கறவங்க பத்து முடிஞ்சதும் தானா சேர்ந்துடுவாங்க. அறுபது வயசுக்குள்ள பத்து வராதவங்களுக்கு..." என்று நிறுத்தினார்.

பாய்லர்காரர் கத்தினார்: "சொல்லுங்க செயலாளரே. மணிக்கணக்காப் பேசற ஆளு, இதை மட்டும் ஏன் முழுங்கறீங்க?"

"வராதவங்களுக்கு இல்லை."

"வராதவங்கன்னா யாரு? பேரைச் சொல்லுங்க."

எல்லோரும் முன் பெஞ்சில் இருந்த என் தங்கையைத்தான் பார்த்தார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடம். கணக்கில் ஏழு.

பாய்லர்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யூனியனை ஆரம்பிச்ச ஆளை வாசல்ல நிக்க வச்சுட்டு நாம உள்ள போய் உட்காரணுமா? இது ஒப்பந்தமா? கோர்ட்டுக்குப் போவோம்."

"போகலாம் அண்ணே" என்றார் மைக். "தீர்ப்பு வரும்போது நம்மள்ல பாதிப் பேரு மேல வார்டுல இருப்போம். மீதிப் பேரு அதுக்கும் மேல."

துவைக்கும் இயந்திரத்தில் வேலை செய்யும் ஒரு வயதான அம்மா எழுந்தாள். "எனக்கு அடுத்த மாசம் அறுபது. கோர்ட்டு எனக்கு ஆகாது. ரோலரக்கா என்னை மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இளம்பெண்கள் ஒரு பக்கம், "இன்னிக்கு அவங்களை விட்டா நாளைக்கு எங்களையும் விடுவீங்க" என்றார்கள். இன்னொரு பக்கம், "வர்றதை வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுல போய் என்னத்தைச் சொல்றது?" என்றார்கள். இரண்டு பேச்சும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது.

மைக் கையைத் தூக்கி அமர்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்கு. தொழிலாளர் அதிகாரிகிட்ட கேட்டேன். அக்காவை வேலையை விட்டு எடுத்ததா எந்தக் காகிதமும் இல்லை. நாலு மாசம் வில்லை இல்லைங்கறது மட்டும்தான் கணக்கு. அந்த நாலு மாசமும் அக்கா உள்ள வேலை செஞ்சாங்கன்னு சாட்சி இருந்தா, இடைவெளியே இல்லைன்னு எழுதிடலாம்ங்கறாரு. ஆனா அது எப்படி முடியும்? அவங்க வெளியதானே இருந்தாங்க?"

அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவள் எங்கே இருந்தாள் என்று தெரியும். மடிப்புக்காரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதி எழுந்திருப்பாள். என் தங்கை அவள் மேலங்கியைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

என் தங்கை எழுந்தாள். "வெளியதான் இருந்தேன். ஓட்டெடுங்க" என்றாள்.

ஒப்பந்தத்தை ஏற்பது என்று முடிவானது. பாய்லர்காரர் கையைத் தூக்காமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மடிப்புக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நேத்து நீ இழுத்ததால உட்கார்ந்துட்டேன். இன்னிக்கு நானே அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லப்போறேன் அக்கா" என்றாள்.

"போ. நான் உள்ள இருந்தேன்னு சொல்லு. அப்ப நீ எங்க இருந்தேன்னு கேப்பாரு."

"பிள்ளை பெத்தேன்னு சொல்றேன். அது குத்தமா?"

"குத்தம் இல்லை. முப்பத்தொண்ணு போயிடும், அவ்வளவுதான். ஆள் மாறாட்டம்னு வேலையும் போகும். அதோட விடுவாங்களா? வேற யாரு யாருக்கு நிழல் போனீங்கன்னு நோண்டுவாங்க. நாப்பத்து மூணுல எத்தனை நிக்கும்? நீயே எண்ணு."

மடிப்புக்காரி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்தது. இன்னொரு கையில் இரண்டு விரல் மடக்கினாள். அதற்குமேல் எண்ணவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, ஊர்ல இருக்கறவ எல்லாம் நிக்கணும், நீ மட்டும் விழணுமா? உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"அக்கா, என்னைத் தியாகி ஆக்காத. எனக்கும் எரியுது. எல்லாப் பக்கமும் யோசிச்சுப் பார்த்துட்டேன். எப்படி இழுத்தாலும் யாரோ ஒருத்தி கை ரோலர்ல மாட்டுது. என் கைன்னா எனக்கு எங்க வலிக்கும்னாவது தெரியும்" என்றாள். மடிப்புக்காரியைப் பார்த்து, "செருப்போட நிக்காதடி, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்" என்றாள்.

கையெழுத்தான நாளைச் சொல்லுமுன், அதற்குப் பிறகு நடந்ததையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அறுபது வயதில் அவளுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மறு வாரமே ஒரு தங்கும் விடுதியில் துண்டு துவைக்கச் சேர்ந்தாள். அங்கே இயந்திரம் இல்லை, கைதான். அறுபத்தெட்டு வயது வரை அதைச் செய்தாள். பிறகு நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டுப் பின்னறையோடு இருந்துவிட்டாள். அவள் சாப்பாட்டுக்கு நான் கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் தட்டில் இரண்டாம் முறை போட வந்தால் கையால் மறைத்துக்கொள்வாள். மாதத் தொடக்கத்தில் பழைய ஆட்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே திறந்துவிடுவாள்.

மடிப்புக்காரிக்கு அறுபது முடிந்து முதல் பென்ஷன் வந்தபோது, அதில் பாதியை உறையில் போட்டுக்கொண்டு வந்தாள். என் தங்கை வாங்கவில்லை. அடுத்த மாதமும் வந்தாள். வாங்கவில்லை. மூன்றாவது மாதம் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போக, என் தங்கை அதைத் தெரு வரை எடுத்துக்கொண்டு போய் மூச்சு வாங்க வாங்கக் கத்தினாள்: "கடன் கழிக்க வராதடி. சும்மா வர்றதுன்னா வா." அவளுக்குச் சும்மா வரத் தெரியவில்லை. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வந்தாள், வாசலோடு நின்று பேசினாள், பிறகு வரவேயில்லை. இருபது வருடம் துணியை இழுத்துப் பேசிக்கொண்டவர்கள், அடுத்தடுத்த தெருவில் பேசாமல் இருந்தார்கள். பென்ஷன் போனதைவிட என் தங்கையை இதுதான் தின்றது. "இன்னிக்கு அவ இந்தப் பக்கம் போனாளா?" என்று கேட்பாள். போனாள் என்றால் சும்மா இருப்பாள். போகவில்லை என்றால், "உடம்புக்கு ஏதாவதா, விசாரியேன்" என்பாள்.

எழுபத்து நான்காம் வயதில் இறந்தாள். எல்லோரும் வந்தார்கள். மடிப்புக்காரி எதிர்ச் சுவரோரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். போர்த்தியிருந்த விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதை எழுதலாமா என்று சென்ற மாதம் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க அக்கா. பென்ஷனை நிறுத்தினா நிறுத்தட்டும். அந்த நாலு மாசம் அவளோடதுன்னு எங்கயாவது ஒரு இடத்துல இருக்கணும்" என்றாள். அதனால்தான் எழுதினேன்.

இனி ஒப்பந்த நாள். அன்று அவளுக்கு முழங்கால் வலி அதிகம். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அலுவலக அறை. அவள் ஏறுவதற்கு என் தோள் வேண்டியிருந்ததால் நானும் போனேன். கண்ணாடி போட்ட பெரிய மேசை. ஒரு பக்கம் நிர்வாகி, ஒரு பக்கம் என் தங்கையும் மைக்கும், நடுவில் தொழிலாளர் அதிகாரி. நான் கதவோரத்து நாற்காலியில் இருந்தேன். அதிகாரி ஓய்வூதியத்துக்கு உரிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். என் தங்கை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று என்று வந்தபோது மட்டும் தலை லேசாக அசைந்தது.

படித்து முடித்துவிட்டு அதிகாரி அவளைப் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "தலைவர் நீங்கதானேம்மா? உங்க நம்பர் இதுல இல்லை. அந்த நாலு மாசத்தைப் பத்தி ஏதாவது சொல்றதா இருந்தா இப்பச் சொல்லிடுங்க. கையெழுத்து ஆயிட்டா அப்புறம் யாராலயும் திறக்க முடியாது."

மைக்குக்கு அதற்குள் யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வாய் ஓயாத அந்த மனிதர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

என் தங்கை கேட்டாள்: "அந்த நாலு மாசமும் முப்பத்தொண்ணாம் நம்பர் ஒரு நாள் கூட விடாம வேலைக்கு வந்திருக்கா. உங்க கணக்குல அது சரியா இருக்குங்களா?"

அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "இருக்கு. ஒரு நாள் கூட விடலை."

"அப்ப சரிங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை."

குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். அதுவரை எத்தனையோ மனுவில், சங்கத்துத் தீர்மானத்தில் எல்லாம் அவள் பெருவிரலைத்தான் வைத்திருக்கிறாள். அவள் மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளி, "பேனா குடுங்க" என்றாள். மைக் திரும்பிப் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியும். கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் சமையலறையில் பழைய செய்தித்தாளின் ஓரத்தில், நான் எழுதிக் கொடுத்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பேனாவைக் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்துக்குக் கோட்டில் இடம் போதவில்லை, கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதைப் பார்த்து உதட்டைச் சுளித்தாள். "தேதியும் போடணும்மா, நான் போட்டுக்கறேன்" என்று குமாஸ்தா கையை நீட்டினார். எண்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும். பேனாவைக் கொடுக்காமல், பெயருக்குக் கீழே தேதியையும் அவளே எழுதினாள்: 19.8.1998.